ஆறு ஓட்டும் ஒரு கலங்கலும்

போன ஆகஸ்ட் 15 கிராம சபையில் எழுந்து நின்னு நான் கேட்டது ஒரே கேள்விதான். சித்தேரி கலங்கலை எப்போ கட்டித் தருவீங்க?

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் கலங்கலுக்கு ஒரு பக்கம் சுவர் பெயர்ந்து போச்சு. அதுக்கப்புறம் ஏரியில் பாதித் தண்ணிக்கு மேலே நிக்கறதில்லை. எழுபது ஏக்கர் சொச்சம் பாயற ஏரி. நவரைப் பட்டத்துக்குக் கடைசித் தண்ணி விடும்போது ஏரி காஞ்சு கிடக்கும். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தனி அலுவலர் எழுதிக்கிட்டார். நல்ல மனுஷன்தான், குறை சொல்ல மாட்டேன். ஒரு ஆள் எத்தனை ஊரைப் பார்ப்பார்? கும்மிடிப்பூண்டி ஒன்றியத்தில் மட்டும் 61 ஊராட்சி. திருவள்ளூர் மாவட்டம் பூராவும் 14 ஒன்றியம், 526 ஊராட்சி. 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு இத்தனைக்கும் தலைவர் இல்லாமல் போய்விட்டது.

வெளியே வந்ததும் என் அக்கா பையன் கேட்டான். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் வேலை செய்கிறான். "மாமா, நீங்க முப்பது வருஷத்துக்கு மேலே ஓட்டு போடறீங்க. ஒரு கலங்கல் சுவர் வைக்க யாரைக் கேக்கணும்னு இன்னும் தெரியலையா?"

சுருக்குன்னு இருந்தது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிராமத்தில் இருக்கிற ஒருத்தனுக்கு ஆறு ஓட்டு. டெல்லிக்கு ஒண்ணு, கோட்டைக்கு ஒண்ணு. மீதி நாலும் ஊராட்சித் தேர்தலில் ஒரே நாளில், ஒரே பூத்தில் போடறது: வார்டு மெம்பருக்கு வெள்ளைச் சீட்டு, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். (ஒரே பூத்தில் ரெண்டு வார்டு வந்தால் ஒண்ணுக்கு நீலம்.) டவுன்காரனுக்கு இத்தனை கிடையாது. ஆறு ஓட்டு இருந்தும் ஏரி ஒழுகுதுன்னா, இந்த ஆறும் எங்கேயிருந்து வந்தது, எது எதுக்கு ஆகும்னு பார்க்க வேண்டியதுதான். கொஞ்சம் நீளமா எழுதப் போறேன். பொறுத்துக்கங்க.

தேர்தல்னு பேச்செடுத்தா எல்லாரும் முதலில் சொல்றது உத்திரமேரூர் குடவோலை. 1997 ஜூலை 1 வரைக்கும் நாமளும் உத்திரமேரூரும் ஒரே ஜில்லா, செங்கல்பட்டு ஜில்லா. அந்தத் தேதியில்தான் திருவள்ளூர் தனி, காஞ்சிபுரம் தனின்னு பிரிஞ்சது. அதனால அதை நம்ம ஊர்க் கதைன்னே சொல்லிக்கலாம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும், கோயில் சுவரில் வெட்டி வெச்சது. ஊரை 30 குடும்பாகப் பிரிச்சாங்க. குடும்புன்னா இன்னைக்கு வார்டு மாதிரி. தகுதியான ஆளுங்க பேரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒண்ணும் அறியாத சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னாங்க. வயசு 35க்கு மேல், 70க்குள்ளே. கால் வேலிக்கு மேல் வரி கட்டற நிலம் வேணும், சொந்த மனையில் வீடு வேணும். பதவி 360 நாள்தான். கடந்த மூணு வருஷத்துக்குள்ளே இருந்தவன் திரும்ப வரக்கூடாது. ஏற்கெனவே பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் வரவே கூடாது. அவன் சொந்தக்காரனும் வரக்கூடாது.

அந்தக் கடைசி விதியைப் படிக்கிறப்பெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். இன்னைக்கு அதைச் சட்டமாக்கினா எத்தனை வீட்டில் வேட்புமனு தாக்கல் பண்ண ஆள் இருக்கும்?

ஆனா நான் கவனிச்சது வேற. அந்தச் சபைக்குள்ளே ஏரி வாரியம்னு ஒண்ணு தனியா இருந்தது. ஆறு பேர். தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், ஆண்டுக் கணக்கைப் பார்க்கிற சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர். ஆக, ஏரிக்குன்னே ஆறு பேரைத் தேர்ந்தெடுத்து, "உங்க பொறுப்பு" என்று சொன்னாங்க. ஆயிரத்து நூறு வருஷம் ஆச்சு. எங்க சித்தேரிக்கு இன்னைக்கு ஒருத்தர் கூட இல்லை.

ரொம்பவும் புகழ வேண்டாம். அது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர். வேதம் தெரிஞ்சவனுக்குத்தான் ஓலை. ஏரியில் மண் வெட்டினவன், மடை திறந்தவன், நாத்து நட்ட பொம்பளை, இவங்க பேரெல்லாம் குடத்துக்குள்ளே போகவே இல்லை. உள்ளே போனது யாருங்கறதுதான் அன்னைக்கும் இன்னைக்கும் பெரிய கேள்வி.

வெள்ளைக்காரன் காலத்தில் 1882இல் ரிப்பன் பிரபு உள்ளூர் ஆட்சி பற்றி ஒரு தீர்மானம் போட்டார். அதை வெச்சு 1884இல் மெட்ராஸ் மாகாணத்தில் ஸ்தல ஸ்தாபனச் சட்டம் வந்தது. மேலே ஜில்லா போர்டு, நடுவில் தாலுகா போர்டு, கீழே யூனியன். ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் அவங்க கையில். ஆரம்பத்தில் பாதிக்கு மேல் நியமனம்தான். 1920இல் கிராமப் பஞ்சாயத்துச் சட்டம் தனியா வந்தது. அதே 1920 நவம்பரில்தான் மாகாணச் சட்டசபைக்கு முதல் தேர்தலும். காங்கிரஸ் புறக்கணிச்சது, நீதிக்கட்சி ஜெயிச்சது, கடலூர் சுப்பராயலு ரெட்டியார் முதல் மந்திரி ஆனார். ஓட்டு யாருக்கு? நிலவரியோ வேற வரியோ கட்டறவனுக்கு. பட்டா இல்லாத ஆளுக்கு இல்லை. பெண்களுக்கு 1921இல் கொடுத்தாங்க. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் மெட்ராஸ்தான் முதலில் கொடுத்தது. அதுவும் சொத்து வரி கட்டற பெண்ணுக்குத்தான். 1937 தேர்தலில் 215 இடத்தில் காங்கிரஸ் 159 பிடிச்சு ராஜாஜி பிரதமரானார் (அப்போ மாகாண முதல்வரைப் பிரதமர்னுதான் சொல்லுவாங்க). அப்பவும் எல்லாருக்கும் ஓட்டு கிடையாது. ஊரில் சட்டசபையும் தெரியாது, போர்டும் தெரியாது. கிராம முன்சீப்பும் கர்ணமும்தான் சர்க்கார். அப்பன் விட்டா பிள்ளைன்னு பரம்பரையா வந்த அந்தப் பதவிகளை 1980 நவம்பரில் எடுத்துட்டுத்தான் வி.ஏ.ஓ. வந்தார். எங்க ஊரில் வயசானவங்க இன்னமும் வி.ஏ.ஓ.வைக் "கர்ணம்"னுதான் கூப்பிடறாங்க.

1952 ஜனவரித் தேர்தலைப் பத்தி என் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கேன். நைனாவுக்கு அப்போ ஓட்டு வயசு இல்லை, பாட்டி போட்டாங்க. சீட்டில் முத்திரை குத்தற வேலை இல்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி, பெட்டி மேலே சின்னம் ஒட்டியிருக்கும். சீட்டை எடுத்துப் போய்ப் பிடிச்ச பெட்டியில் போடணும். பாட்டிக்குக் கையில் ரெண்டு சீட்டு கொடுத்தாங்களாம். "ஒண்ணு எனக்கு, இன்னொண்ணு உங்க தாத்தாவுக்கு போலன்னு நினைச்சேன்" என்பாங்க. அது ரெட்டை மெம்பர் தொகுதி. அன்னைக்கு மெட்ராஸ் சட்டசபையில் 375 இடம், 309 தொகுதி. அதில் 66 தொகுதியில் ரெண்டு ரெண்டு பேர், ஒருத்தர் பொது, ஒருத்தர் தாழ்த்தப்பட்டவர் இல்லைன்னா பழங்குடி. ஓட்டர் ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு ஓட்டு. இந்த முறையை 1961இல் எடுத்துட்டு, தனித்தொகுதியைத் தனியா வெச்சாங்க.

375 பெரிய சபை. ஒரு பக்கம் ஆந்திரா, ஒரு பக்கம் மலபார். காங்கிரஸுக்கு 152 தான் கிடைச்சது, பெரும்பான்மை இல்லை. ராஜாஜியை மேலவைக்கு நியமிச்சு முதல்வர் ஆக்கினாங்க. தேர்தலில் நிக்காமலே முதல்வர். நம்ம வட மாவட்டத்து மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி அவருக்குக் கை கொடுத்தது. ஒரு ஓட்டுக்குள்ளே இவ்வளவு பேரம் இருக்குன்னு ஜனங்க அப்போதான் பார்த்தாங்க. அந்த மேலவையே 1986 நவம்பர் 1ஆம் தேதியோடு போயிடுச்சு.

1953 அக்டோபர் 1இல் ஆந்திரா பிரிஞ்சதும் சபை 231 ஆகச் சுருங்கிச்சு. 1956இல் மலபார் கேரளாவுக்குப் போனப்போ 190. 1957 தேர்தலில் 205. அப்புறம் ஒரே ஒரு இடம் கூடி 206 ஆச்சு. அந்த ஒண்ணு எங்க பக்கத்துக் கதை. திருத்தணியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கணும்னு மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் போராடினாங்க. படாஸ்கர் ஒரு முடிவு சொன்னார். கிராமத்தை ஒரு அலகா எடுத்து, எந்த ஊரில் எந்த மொழி அதிகம்னு பார்த்துப் பிரிச்சார். பார்லிமென்ட் 1959இல் சட்டம் போட்டு, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி இங்கே வந்தது. இங்கேயிருந்து பொன்னேரி, திருவள்ளூர் தாலுகா ஊருங்க கொஞ்சம் அங்கே போச்சு. சத்தியவேடு அதில்தான் போனது.

எங்க வீட்டில் பொண்ணு கொடுத்து எடுக்கிறது அந்தப் பக்கம்தான். என் பெரியம்மா மகன் வீடு எங்க கழனியிலிருந்து சைக்கிள் தூரம், அவன் ஓட்டு ஆந்திராவில். அவங்க ஊர் சட்டசபை விலையில்லா மின்சாரம் பத்தி ஒண்ணு பேசும், எங்க சட்டசபை ஒண்ணு பேசும். ஒரே மழை, ஒரே மண். மாநில எல்லையை மாத்தற அதிகாரம் பார்லிமென்டுக்குத்தான். சட்டசபையிடம் கருத்து கேட்கணும், அது ஒத்துக்கணும்னு கட்டாயம் இல்லை. அந்த ஒரு ஓட்டின் பலம் அவ்வளவு. நாமதான் எம்.பி. ஓட்டை "அது யாரோ டெல்லிக்குப் போறவர்"னு அலட்சியமா போடறோம்.

இப்போ கீழே வருவோம். 1958இல் மெட்ராஸ் பஞ்சாயத்துச் சட்டம் வந்து ஜில்லா போர்டை எடுத்துட்டு, பஞ்சாயத்து யூனியனைக் கொண்டு வந்தது. காமராஜர் காலம். ஊர் பிரசிடெண்டுங்க எல்லாம் சேர்ந்து யூனியன், அதுக்கு ஒரு சேர்மன். நைனா சொல்வார், அந்தக் காலத்துச் சேர்மன் ஜீப்பில் வந்தா கலெக்டர் வந்த மாதிரி இருக்கும்னு. பள்ளிக்கூடம், ரோடு, கிணறு, சின்ன ஏரி எல்லாம் யூனியன் கணக்கு. இன்னைக்கும் அதே கணக்குத்தான்: நூறு ஏக்கருக்குக் கீழே பாயற ஏரி ஒன்றியத்தோடது, அதுக்கு மேலே போனால் பொதுப்பணி, இப்போ நீர்வளத் துறை. எங்க சித்தேரி எழுபது சொச்சம்தானே, அதனால ஒன்றியம். பெரிய ஏரிக்கு இன்ஜினியர் வருவார், நம்ம ஏரிக்கு ஒன்றியத்தில் பணம் வரணும்.

அவ்வளவு பெரிய அமைப்பைக் கட்டிட்டு என்ன பண்ணினாங்க? 1970இல் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் 1986. பதினாறு வருஷம்! நான் பள்ளிக்கூடம் சேர்ந்ததிலிருந்து படிச்சு முடிக்கிற வரைக்கும் ஊர்த் தேர்தல்னு ஒண்ணைப் பார்த்ததே இல்லை. 1986இல் ஜெயிச்சவங்க காலம் 1991இல் முடிஞ்சதும் திரும்ப அஞ்சு வருஷம் அதிகாரிங்க ஆட்சி. எந்தக் கட்சி ஆண்டாலும் இதில் ஒற்றுமைதான். எம்.எல்.ஏ.வுக்கு ஊரில் இன்னொரு பெரிய ஆள் இருக்கிறது பிடிக்காதுன்னு எங்க ஊர் டீக்கடையில் சொல்வாங்க. நான் சொல்லலை.

இதை நிறுத்தத்தான் 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம். 1993 ஏப்ரல் 24இல் அமலுக்கு வந்தது. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை தேர்தல், காலம் முடியறதுக்கு முன்னாடியே நடத்தணும், பட்டியல் இனத்தவருக்கும் பெண்களுக்கும் ஒதுக்கீடு, மாநிலத்துக்குத் தனித் தேர்தல் ஆணையம். டெல்லித் தேர்தல் ஆணையம் வேற, ஊராட்சித் தேர்தல் நடத்தற மாநிலத் தேர்தல் ஆணையம் வேற. பல பேருக்கு இது தெரியாது. தமிழ்நாட்டில் 1994இல் சட்டம் போட்டு, 1996 அக்டோபரில் முதல் தேர்தல். பெண்களுக்கு மூணில் ஒண்ணு, 2016இல் அதைப் பாதியாக்கினாங்க. வார்டு மெம்பரும் தலைவரும் கட்சிச் சின்னத்தில் நிக்க முடியாது. பூட்டு, சாவி, ஆட்டோன்னு சுயேச்சைச் சின்னம். ஒன்றியக் கவுன்சிலரும் மாவட்டக் கவுன்சிலரும் கட்சிச் சின்னம். ஒன்றியச் சேர்மனை நாம தேர்ந்தெடுக்கறதில்லை, நாம தேர்ந்தெடுத்த கவுன்சிலருங்க தேர்ந்தெடுப்பாங்க. அந்த ஒரு வாரம் கவுன்சிலருங்க வீட்டில் இருக்க மாட்டாங்க. எங்கேயோ ரிசார்ட்டில் இருப்பாங்க. அதை எல்லாம் நான் எழுதித்தான் தெரியணுமா?

குடத்துக்குள்ளே யார் பேர் போகுதுன்னு மேலே கேட்டேன் இல்லையா. ஒதுக்கீடு வந்ததும் பேர் போச்சு. ஆனா நாற்காலி? 1997இல் மேலூர் பக்கம் மேலவளவில் தாழ்த்தப்பட்டவர் தலைவரா ஜெயிச்சதுக்கு அவரையும் கூட இருந்தவங்களையும் வெட்டிக் கொன்னாங்க. மதுரை ஜில்லா பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் 2006 வரைக்கும் தேர்தலே ஒழுங்கா நடக்கவிடலை. அதெல்லாம் தெற்கே நடக்கறது, நம்ம பக்கம் சிப்காட் வந்த இடம், அப்படி இல்லைன்னு நானும் பேசினவன்தான். 2020 ஆகஸ்ட் 15இல் நம்ம கும்மிடிப்பூண்டி ஒன்றியத்து ஆத்துப்பாக்கத்தில், பட்டியல் இனத்தைச் சேர்ந்த பெண் தலைவரைக் கொடி ஏத்த விடலை. பேப்பரில் வந்து, டி.வி.யில் வந்து, அப்புறம் கலெக்டரே நேரில் வந்து சில நாள் கழிச்சு அந்தம்மாவைக் கொடி ஏத்த வெச்சாங்க. அன்னைக்கு நான் பேசினதை நினைச்சு வெக்கமா இருந்தது.

கொடி வெளியே தெரியற விஷயம். தெரியாத விஷயம் செக் புக். ஊராட்சிக் கணக்கில் பணம் எடுக்கணும்னா தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போடணும். தலைவர் பதவியை ஒதுக்கீட்டில் கொடுத்துட்டு, துணைத் தலைவரா ஊர்ப் பெரியவர் வீட்டு ஆளு உட்கார்ந்தா, பேனா ஒரு கையில், மை இன்னொரு கையில். போர் மோட்டார் எரிஞ்சா ரிப்பேருக்குக் கூட அவர் மனசு வைக்கணும். சிப்காட் பக்கத்து ஊராட்சிங்களுக்குத் தொழில் வரி, வீட்டு வரின்னு நல்ல பணம் வரும். அங்கே அந்தக் கையெழுத்துக்கு இன்னும் மதிப்பு. இதில் இன்னொரு வேடிக்கை: வரி கட்டற கம்பெனி ஆளுங்களில் பாதிப் பேர் ஒடிசா, பீகார் பசங்க. எங்க ஊர்த் தண்ணியைக் குடிக்கிறாங்க, எங்க ஊர் லைன் வீட்டில் எட்டுப் பேராத் தங்கறாங்க. அவங்க ஓட்டு அவங்க ஊரில். தெருவிளக்கு எரியலைன்னா அவங்க யாரைக் கேப்பாங்க?

சட்டசபைப் பக்கம் ஒண்ணு சொல்லிட்டு வரேன். 2008 தொகுதிச் சீரமைப்புக்கு அப்புறம் தமிழ்நாட்டுத் தொகுதிப் பட்டியலில் ஒண்ணாம் நம்பர் கும்மிடிப்பூண்டி. லோக்சபாவில் ஒண்ணாம் நம்பர் திருவள்ளூர் (தனி). அதுக்கு முன்னே நாங்க ஸ்ரீபெரும்புதூர். நம்பர் ஒண்ணுன்னு பேர்தான், மத்தபடி ஒண்ணும் இல்லை. ஊர் முழுக்க மந்திரிங்க நடமாடினது 2005இல். அந்த ஜனவரியில் எம்.எல்.ஏ. சுதர்சனத்தை அவர் வீட்டிலேயே வடநாட்டுக் கொள்ளைக்காரங்க சுட்டுக் கொன்னாங்க. அதை வெச்சுப் படமே வந்தது. காலியான இடத்தை ஆறு மாசத்துக்குள்ளே நிரப்பணும்னு சட்டம். மே 14இல் இடைத்தேர்தல், அவர் மகன் ஜெயிச்சார். எம்.எல்.ஏ. இடம் காலியானா ஆறு மாசம். ஊராட்சி காலியானா? இதை அரசியல் சட்டமே சொல்லுது. கேக்கறதுக்குத்தான் ஆளில்லை.

தேர்வாய்கண்டிகை கதையை விட்டுட்டா இந்தக் கட்டுரை முடியாது. அங்கே ஊருக்குப் பக்கத்தில் ஆயிரத்து நூறு ஏக்கருக்கு மேலே மேய்க்கால், காடு மாதிரி. பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள் இருக்கிற ஊர். ஆடு மாடு, விறகு, மூலிகை எல்லாம் அங்கேதான். ஏரிக்கு வரத்துத் தண்ணியும் அங்கேயிருந்துதான். 2007க்கு மேலே அதை சிப்காட்டுக்கு எடுக்கறாங்கன்னு தெரிஞ்சதும் ஊர் எதிர்த்தது. கிராம சபையில் தீர்மானம் போட்டாங்க, மறியல் பண்ணினாங்க, கைதானாங்க, கோர்ட்டுக்குப் போனாங்க. 2009இல் மிச்செலின் டயர் கம்பெனியோடு அரசு ஒப்பந்தம் போட்டது. 2012இல் அந்த ஊர்ச் சங்கமும் மத்தவங்களும் பிரான்ஸ் நாட்டு வரைக்கும் புகார் கொண்டு போனாங்க. ஃபேக்டரி வந்தது. வேலையும் சில பேருக்கு வந்தது, இல்லைன்னு சொல்ல மாட்டேன். என் அக்கா பையன் மாதிரிப் பசங்களுக்கு இந்த ஃபேக்டரிங்கதான் சோறு.

எனக்கு அதில் புரிஞ்சது இதுதான். கிராம சபைக்கு அரசியல் சட்டத்தில் இடம் இருக்கு. வருஷத்துக்கு நாலு நாள் கூடினது இப்போ ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அஞ்சு நூறு பேர் ஊருக்கு அம்பது பேர் வந்தா கோரம், பத்தாயிரத்துக்கு மேலே இருந்தா முன்னூறு. ஆனா ஊராட்சிக்கு என்ன அதிகாரம் கொடுக்கறதுங்கறது மாநிலச் சட்டசபை கையில். 73ஆவது திருத்தத்தில் 29 துறைன்னு பட்டியல் போட்டாங்க: விவசாயம், சின்னப் பாசனம், மீன், ரோடு. "கொடுக்கலாம்"னு எழுதினாங்களே தவிர "கொடுக்கணும்"னு எழுதலை. அந்த ஒரு எழுத்தில் போச்சு. ஊர் தீர்மானம் போடும், கோட்டை முடிவு பண்ணும்.

அதே தேர்வாய்கண்டிகை ஏரியையும் கண்ணன்கோட்டை ஏரியையும் சேர்த்து ஒரே அணையாக்கி, 2020 நவம்பரில் திறந்தாங்க. 500 மில்லியன் கன அடி, சென்னைக்குக் குடிதண்ணி. அதுக்கு முன்னாடி சென்னைக்குன்னு கட்டின அணை நம்ம பூண்டி, 1944இல் திறந்தது. சென்னை மேயரா இருந்த சத்தியமூர்த்தி பாடுபட்டு ஆரம்பிச்சது, திறக்கும்போது அவர் உயிரோட இல்லை. ஒரு நகரத்து மேயர் நினைச்சு நம்ம ஜில்லாவில் அணை கட்ட முடிஞ்சது. ஊர் பிரசிடெண்டு நினைச்சு ஒரு கலங்கல் கட்ட முடியலை. ரெண்டும் உள்ளாட்சிதான்!

கிருஷ்ணா தண்ணிக் கதையும் இதேதான். மகாராஷ்டிரா, கர்நாடகா, ஆந்திரா மூணும் ஆளுக்கு 5 டி.எம்.சி. தரணும்னு 1976இல் பேச்சு, 1983இல் எம்.ஜி.ஆர்., என்.டி.ஆர். ஒப்பந்தம், 1996இல்தான் ஊத்துக்கோட்டை ஜீரோ பாயிண்டுக்குத் தண்ணி வந்தது. அத்தனை சட்டசபையும் டெல்லியும் ஒத்து வரணும். நம்ம கழனியைத் தாண்டித்தான் கால்வாய் போகுது, ஒரு சொட்டு நமக்கில்லை. அது சென்னைத் தண்ணி.

டெல்லி ஓட்டுக்கு வருவோம். தமிழ்நாட்டுக்கு முன்னே 41 எம்.பி. 1967 தேர்தலிலிருந்து 39. ஜனத்தொகை மத்த இடத்தில் வேகமா ஏறிச்சு, நம்மோடது ஏறலைன்னு ரெண்டைக் குறைச்சாங்க. அப்புறம் 1976இல் "எண்ணிக்கையைத் தொட வேண்டாம்"னு 1971 கணக்கோட நிறுத்தி, 2001இல் அதையே 2026 வரைக்கும் நீட்டினாங்க. இப்போ 2027இல் ஜனத்தொகைக் கணக்கெடுப்பு. அதுக்கப்புறம் 543இல் நமக்கு எத்தனைன்னு திரும்பக் கேள்வி வரும். 2025 மார்ச் 22ஆம் தேதி சென்னையில் பல மாநிலத்து முதல்வருங்களும் தலைவருங்களும் கூடினது இதுக்குத்தான். ரெண்டு பிள்ளையோட நிறுத்துங்கன்னு சுவரெல்லாம் எழுதினாங்க, எங்க தலைமுறை கேட்டுது. அதுக்காக ரேஷன் கார்டில் அரிசியைக் குறைக்கிற மாதிரி எம்.பி.யைக் குறைச்சா எப்படி? இதில் கோட்டைக்காரங்க கேக்கறது நியாயம்னுதான் நான் நினைக்கிறேன். ஆனா டெல்லி நமக்குச் செய்யறது அநியாயம்னு கோட்டை சொல்லும்போது, கோட்டை ஊருக்குச் செய்யறதையும் நினைச்சுப் பார்க்காம இருக்க முடியலை.

ஏன்னா 2016 அக்டோபரில் ஊராட்சித் தேர்தல் நடக்க வேண்டியது. ஒதுக்கீடு சரியா இல்லைன்னு வழக்கு, அக்டோபர் 4இல் ஐகோர்ட் அறிவிப்பையே ரத்து பண்ணிச்சு. மூணு வருஷம் தனி அலுவலர். 2019 டிசம்பர் 27, 30இல் 27 மாவட்டத்துக்கு நடந்தது, நம்ம மாவட்டம் அதில் ஒண்ணு. 2020 ஜனவரி 6இல் பதவி ஏத்தாங்க, வந்ததும் கொரோனா. 2025 ஜனவரி 5இல் முடிஞ்சது. வார்டு மறுவரையறைன்னு காரணம் சொன்னாங்க. 2016இல் ஒரு கட்சி ஆட்சி, 2025இல் இன்னொரு கட்சி. சட்டமன்றத் தேர்தல் மட்டும் சரியா தேதிக்கு நடக்கும், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அக்கா பையனுக்கு இதையெல்லாம் சொன்னேன். எம்.பி. நிதியில் வருஷத்துக்கு அஞ்சு கோடி இருக்கு, எம்.எல்.ஏ. நிதி இருக்கு, ரெண்டிலும் கேட்கலாம், ஆனா கலங்கல் ஒன்றியத்தோடது, ஒன்றியத்தில் கவுன்சிலர் இல்லை, ஊரில் தலைவர் இல்லை. அதனால நாலு சீட்டும் இப்போ காலி. ஆறில் ரெண்டு போக நாலு.

"அப்போ இந்த மழைக்கு?"ன்னான்.

அக்டோபர் பிறந்தா வடகிழக்குப் பருவமழை. ஆயக்கட்டுக்காரங்க பதினோரு பேர் சேர்ந்து ஆளுக்கு ஆயிரம் போட்டிருக்கோம். யூரியாச் சாக்கு நூத்தம்பது சேர்த்து வெச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை மண் ரொப்பி அடுக்கறதா இருக்கோம். அக்கா பையன் நைட் ஷிஃப்ட் முடிச்சு நேரா அங்கேயே வரேன்னு சொல்லியிருக்கான், கூட லைன் வீட்டு ஒடிசாப் பசங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு. கிராம சபையில் கொடுத்த மனுவுக்கு ரசீது வாங்கி வெச்சிருக்கேன்.